கொடியேற்றக்காரரின் கோல் கம்பம்

எங்கள் கழகம் ஏன் தோற்றுக்கொண்டே இருந்தது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஊரடங்கு என்பார்கள். தலைக்கு மேலே ஹெலிகொப்டர் சுற்றினால் பந்தை எப்படிப் பார்ப்பது என்பார்கள். நல்ல விளையாட்டுக்காரர் எல்லாம் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள் என்பார்கள். மத்தியஸ்தர் எதிர்க் கழகத்தாரின் மச்சான் என்பது எல்லாக் காலத்துக்கும் பொதுவான காரணம். நான் ஏழு வயதிலிருந்து அந்தக் கழகத்தின் உதைபந்தாட்டத்தைப் பார்த்தவள். வெயிலில் நின்று தொண்டை கிழியக் கத்தியவள். எனக்குத் தெரியும், இதெல்லாம் சும்மா கதை. ஹெலி எதிர்க் கழகத்துக்கு மேலேயும்தான் சுற்றியது. அவர்களுடைய ஆட்களும்தான் வெளிநாடு போனார்கள். எங்கள் கழகத்தைத் தோற்கடித்தது எங்கள் கழகம்தான்.

தொண்ணூறில் இராணுவம் வர ஊரை விட்டு எழும்பினோம். தொண்டைமானாற்றுக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் கடலோரமாக இருந்த ஊர். அதற்குப் பிறகு எங்களில் யாரும் அதைக் கண்ணால் காணவில்லை. சனம் பள்ளிக்கூடங்களிலும் இனசனத்தின் விறாந்தைகளிலும் சிதறிக் கிடந்தது. நானும் அம்மாவும் நல்லூரில் ஒரு வீட்டின் அரைவாசியில் குடியிருந்தோம். அங்கே வந்து இரண்டு வருடம் கழித்து ஒருநாள், வேறிடத்தில் தங்கியிருந்த அண்ணை சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் கொப்பியிலிருந்து கழற்றிய நடுத்தாள் ஒன்று. தாளுக்குத் தட்டுப்பாடான காலம், கசங்காமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

“கழகத்தைத் திரும்பத் துவங்கப் போறம். ரியூசன் கொட்டில் ஒண்டிலை கூட்டம் வைச்சு எல்லாம் கதைச்சு முடிச்சாச்சு. விளையாடுற ஆக்களின்ரை பட்டியலை நீ எழுதித் தா, பிள்ளை. உன்ரை கையெழுத்துத்தான் வடிவு” என்றார்.

“ஆர் ஆர் விளையாடினம்?”

“உனக்குத் தெரியாதே? வழமை மாதிரித்தான்.”

“கோலுக்கை ஆர்?”

“இதென்ன கேள்வி? கோல் எங்கடை. நான்தான் நிப்பன்.”

அண்ணைக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. சைக்கிளிலிருந்து இறங்கிய மூச்சு வாங்கல் இன்னும் அடங்கவில்லை. ஊர் இல்லை, மைதானம் இல்லை, கோயிலில் விளக்கு வைக்க ஆளில்லை, வள்ளமில்லை, வலையில்லை. கோல் கம்பத்துக்கு மட்டும் உரிமைக்காரர் இருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்குக் கொடுக்கப் போட்ட தேத்தண்ணியை நானே குடித்துவிட்டேன்.

அந்த உரிமை என்னவென்று சொன்னால்தான் என் ஆத்திரம் விளங்கும். எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் திருவிழா பத்து நாள். மறுநாள் பூங்காவனத்தையும் சேர்த்தால் பதினொரு நாள். ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு குடும்பம் தன் செலவில் செய்யும். கழகம் தொடங்கிய காலத்தில் ஜேர்சி வாங்க வழியில்லாமல் அந்தப் பதினொரு குடும்பமும் ஆளுக்கொரு ஜேர்சி வாங்கிக் கொடுத்தார்களாம். நாளின் இலக்கமே ஜேர்சியின் இலக்கம். வாங்கிக் கொடுத்த வீட்டுப் பிள்ளையே அதைப் போட்டும் விளையாடினான். அன்று பிடித்த சனி அது. பிறகு தகப்பன் விட்டால் மகன், மகன் இல்லாவிட்டால் மருமகன் என்று ஆகிவிட்டது. திருவிழா எப்படிக் கை மாறாதோ அப்படி ஜேர்சியும் கை மாறாது. மற்ற ஊர்களில் நன்றாக விளையாடுகிறவன் விளையாடுவான். எங்கள் ஊரில் திருவிழா உள்ளவன் விளையாடுவான்.

ஒன்பதாம் நாள் தேர். அது கழகத் தலைவரின் குடும்பம். ஆகவே ஒன்பதாம் நம்பர் போட்டு முன்னுக்கு நின்று கோல் அடிக்க வேண்டியவன் தலைவரின் மருமகன். பந்து வந்தால் அவன் முதலில் தலைமயிரை ஒதுக்குவான், பிறகுதான் காலைத் தூக்குவான். எட்டாம் திருவிழாக்காரனுக்குத் தூரப்பார்வை இல்லை. கண்ணாடியைக் கழற்றிப் பெண்சாதியிடம் கொடுத்துவிட்டு இறங்குவான், பிறகு சத்தத்தை வைத்துத்தான் பந்தைத் தேடுவான். பத்தாம் நாள் தீர்த்தத்தை இரண்டு சகோதரர்கள் பகலும் இரவுமாகப் பிரித்துச் செய்தார்கள். ஆகவே பத்தாம் நம்பரை முதற்பாதியில் மூத்தவனும் இரண்டாம் பாதியில் இளையவனும் போட்டார்கள். இடைவேளையில் மூத்தவன் ஜேர்சியைக் கழற்றி முகத்துக்கு நேரே எறிவான். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஐந்தாம் திருவிழாக்காரன் ஒருவனுக்குத்தான் பந்து தெரியும். அவன்தான் கப்டன். ஆண்டவன் அவனை ஐந்தாம் வீட்டில் பிறக்க வைத்தது எங்கள் நல்ல காலம்.

முதலாம் நாள் கொடியேற்றம். அது எங்கள் குடும்பம். ஐயா இறந்த பிறகு முதலாம் நம்பர் ஜேர்சியும் கோல் கம்பமும் அண்ணைக்கு வந்தன. அண்ணை நல்ல மனுசன். சந்தியில் கடை வைத்திருந்தார், அம்மாவை ஒரு குறையுமில்லாமல் பார்த்தார், எனக்காகத் தன் கலியாணத்தைத் தள்ளிப் போட்டார். கோலுக்குள் நின்றால் மட்டும் அவர் வேறு ஆள். பந்து நிலத்தோடு வந்தால் குனிய மாட்டார். உயர வந்தால் துள்ள மாட்டார். நேரே நெஞ்சுக்கு வந்தால் பிடிப்பார், பிடித்துவிட்டு நாலு பக்கமும் திரும்பி எல்லோரும் பார்த்தார்களா என்று பார்ப்பார். நாங்கள் பெண்கள் மீன் காயப்போடுகிற பக்கமாக நின்று ஆட்டம் பார்ப்போம். சொந்த அண்ணை என்றும் பார்க்காமல் நான் அங்கிருந்து ஏசுவேன். “உந்தத் தொண்டையோடை உன்னை ஆர் கட்டுவான்?” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வா. அது சரியாகத்தான் போயிற்று, ஒருவரும் கட்டவில்லை.

ஏசிவிட்டு வீட்டுக்கு வந்து கழகத்துக்காகக் கடிதம் எழுதுகிறவளும் நான்தான். தோற்றால் லீக்குக்கு ஆட்சேபணைக் கடிதம் போடுவது எங்கள் கழகத்தின் வழக்கம். செயலாளரின் கையெழுத்து அவருக்கே விளங்காது. உயர்தரம் வரை படித்துவிட்டு வீட்டில் இருந்தவள் நான், ஆகவே வேலை என் தலையில். உண்மையைச் சொன்னால், அது எனக்குப் பிடித்த வேலை. மத்தியஸ்தரின் விசில் சத்தம் போதாது என்று எழுதியிருக்கிறேன். எதிர்க் கழகத்தின் கோல் கம்பம் ஒரு சாண் குறைவு என்று எழுதியிருக்கிறேன். ஆறு கோல் வாங்கித் தோற்ற ஆட்டத்துக்கு, பந்தில் காற்று கூடிவிட்டது என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். ‘எமது கழகம் ஆழ்ந்த மனவருத்தத்துடன் அறியத்தருவது யாதெனில்’ என்று தொடங்குவேன். ‘வெற்றியிலும் நேர்மையே எமக்குப் பெரிது’ என்று முடிப்பேன். அந்தக் கடைசி வசனம் என் சொந்தச் சரக்கு. எழுதும்போது எனக்கே மெய் சிலிர்க்கும். காபன் தாள் வைத்து எடுத்த பிரதிகளை ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தேன். லீக் ஒரு கடிதத்தையும் ஏற்கவில்லை. நாங்கள் எழுதுவதை விடவுமில்லை.

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு திருகோணமலைப் பக்கத்திலிருந்து அடிபட்டு வந்த குடும்பங்களில் ஒன்று எங்கள் வளவின் பின்பக்கத்தில் கொட்டில் போட்டு இருந்தது. தாய், இரண்டு குமர்ப்பிள்ளைகள், இருபத்துநாலு வயது மகன். தகப்பனை அங்கேயே இழந்துவிட்டு வந்தவர்கள். மகன் எங்கள் கரையில் வலை இழுக்கப் போவான். ஒருநாள் காலையில் கடற்கரையில் பொடியன்கள் உதைத்த பந்தை அவன் ஒரு கையால் பறித்து எடுத்ததை நான் கண்டேன். பெரிய உயரமில்லை. ஆனால் உள்ளங்கை இரண்டும் வலைக்கயிறு இழுத்து மரத்துப்போனவை. அந்தக் கையில் ஒட்டிய பந்து பிறகு கீழே விழாது. அவன் விழுந்து புரண்டு காட்ட மாட்டான். பந்து வரப்போகிற இடத்தில் முன்னமே போய் நிற்பான். இருபது வருடம் அண்ணையையும் அதற்கு முன் ஐயாவையும் பார்த்து வளர்ந்த என் கண்களுக்கு, கோல் காப்பது என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது.

கழகம் அவனைப் பயிற்சிக்கு எடுத்தது. பயிற்சிக்கு மட்டும். அவன் கோலுக்குள் நிற்க எங்கள் ஆட்கள் உதைத்துப் பழகுவார்கள். ஆட்டம் என்றால் அண்ணை ஜேர்சியைப் போட்டுக்கொண்டு வருவார், அவன் கோட்டுக்கு வெளியே போய் இருப்பான். “வந்தான் வரத்தானுக்கு இதே பெரிது” என்று தலைவர் ஒருநாள் அவன் காதுபடச் சொன்னார். அவன் தலையைக் குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். எனக்குத் தலைவரின் வாயில் அந்த மண்ணை அள்ளிப் போடலாம் போல இருந்தது.

அதற்குள் கடலில் தொழிலுக்குப் போகத் தடை வந்தது. கரையில் நின்றாலே நேவி சுடுகிறான் என்ற நிலை. வலை கொட்டிலில் தொங்கியது. அந்த வீட்டில் ஒரு நேரம்தான் உலை வைத்தார்கள், அதுவும் என் அம்மா கொடுத்த அரிசியில். அந்த நேரத்தில்தான் அவனுக்கு ஒரு வழி தெரிந்தது. காங்கேசன்துறையில் ஒரு தொழிற்சாலைக்குச் சொந்தமாக உதைபந்தாட்ட அணி இருந்தது. நன்றாக விளையாடுகிறவனுக்கு அங்கே வேலை கொடுத்து அணியில் சேர்ப்பார்கள். அணிக்கு ஆள் பார்க்கிறவர் எங்கள் பயிற்சியைக் கண்டுவிட்டு அவனிடம் சொல்லியிருந்தார்: பயிற்சியைப் பார்த்து ஆள் எடுக்க மேலிடம் விடாது, லீக் ஆட்டம் ஒன்றில் நில், நான் வந்து பார்க்கிறேன் என்று. ஒரே ஒரு ஆட்டம். அவனுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

லீக்குக்கு ஆண்டு தொடக்கத்தில் இருபது பேரின் பட்டியல் கொடுக்க வேண்டும். எழுதுகிறவள் நான். பத்தொன்பது பேரைத் தலைவர் சொன்னார். இருபதாவது இடத்தில் நான் அவன் பெயரை எழுதினேன். பதினொன்றுக்குக் கீழே ஒருவரும் வாசிக்க மாட்டார்கள் என்று தெரியும். தலைவர் வாசிக்காமலே ஒப்பம் வைத்தார். அவரிடம் நேரே கேட்டிருக்கலாம், சண்டை பிடித்திருக்கலாம். நான் கெட்டித்தனமாகச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் கடைசி ஆட்டம் வரும்போது நாங்கள் அடி மட்டத்தில் இருந்தோம். வென்றால் முதற்பிரிவில் தங்கலாம், இல்லாவிட்டால் இரண்டாம் பிரிவு. லீக் குறித்த நாள் எங்கள் கோயிலின் கொடியேற்ற நாள். நாளை மாற்றச் சொல்லி நான் எழுதிய கடிதத்தையும் லீக் ஏற்கவில்லை. ஊரடங்குக்குப் பயந்து இரவுத் திருவிழாவைப் பின்னேரமே செய்துகொண்டிருந்த காலம் அது. விரலில் தர்ப்பை போட்ட அண்ணை கோயிலை விட்டு அசைய முடியாது. எங்கள் சின்னையாவின் மகன் கொழும்பிலிருந்து வந்து கோலுக்குள் நிற்பதாக ஏற்பாடு. ரெயின் ஓடவில்லை, அவன் வரவில்லை.

மத்தியானம் பூசைக்குப் பால் செம்பு எடுக்க நான் வீட்டுக்கு வந்தபோது படலையில் கப்டன் நின்றான்.

“அக்கா, ஜேர்சியைத் தாங்கோ. ஆளை நான் பாக்கிறன்.”

“ஆர் ஆள்?”

அவன் வீட்டின் பின்பக்கத்தைப் பார்த்தான். அலுமாரித் திறப்பு என் இடுப்பில் இருந்தது. நான் ஒருவரையும் கேட்கவில்லை. முதலாம் நம்பர் ஜேர்சியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போய் அவன் கையில் நானே கொடுத்தேன். அவன் அதை வாங்காமல், “அண்ணை ஏசமாட்டாரோ, அக்கா?” என்றான். “அண்ணை கோயிலிலை. நீ போய் நில்” என்றேன். பிறகு கோயிலுக்குப் போய்த் தலையிடி என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். எங்கள் வீட்டுத் திருவிழாவில் நான் இல்லாமல் போனது அந்த ஒருமுறைதான்.

மூன்று மைல் மிதித்தேன். போய்ச் சேரும்போது ஆட்டம் தொடங்கிவிட்டது. கோலுக்குள் நின்றவனைப் பார்த்தேன், பிறகு மற்றவர்களைப் பார்த்தேன். எங்கள் ஆட்களின் ஆட்டமே மாறியிருந்தது. பின்னாலிருந்து அவன் ஒவ்வொருவருக்கும் கதைத்துக்கொண்டே நின்றான். “இடப்பக்கம், அண்ணை, உங்கடை இடப்பக்கம். இப்ப உதையுங்கோ” என்று கண் தெரியாத எட்டாம் திருவிழாக்காரனுக்கு அவன் கண்ணாக இருந்தான். எட்டாம் திருவிழாக்காரன் அன்று உதைத்த பந்தெல்லாம் பந்தாகவே இருந்தது. எதிர்க் கழகத்தார் இருபது தரம் கோலுக்கு அடித்திருப்பார்கள். குனிந்து எடுத்தான், துள்ளித் தட்டினான். ஒன்றைப் பிடித்த பிறகும் சுற்றிப் பார்க்கவில்லை. இரண்டாம் பாதியில் கப்டன் தூர நின்று அடித்த ஒன்று கம்பத்தில் பட்டு உள்ளே போனது. நான் நின்ற இடத்தில் எனக்கு ஒருவரையும் தெரியாது. பக்கத்தில் நின்ற ஐஸ்பழக்காரரின் தோளில் அடித்துவிட்டேன்.

முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது தலைவரின் மருமகன் ஒரு காரணமுமில்லாமல் எங்கள் கோலடிக்கு வந்து பந்தைக் கையால் தட்டினான். தண்ட உதை. எனக்குப் பார்க்கத் தைரியமில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. உதைக்கிறவன் ஓடி வரும்வரை அவன் அசையவில்லை. வலது பக்கமாக வந்த பந்தை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குப்புறக் கிடந்தான். மிச்ச நேரமும் கழிந்து முடிவு விசில் கேட்டது. நான் அழுதேன். இத்தனை வருடத்தில் அந்தக் கழகத்துக்காக நான் சந்தோசத்தில் அழுதது அன்று மட்டும்தான்.

கப்டன் சொல்லியனுப்பி ஆட்டம் பார்க்க வந்திருந்த தொழிற்சாலைக்காரர் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவனிடம் வந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

“தம்பி, எங்கடை கோலி லண்டனுக்குப் போட்டார். நீர் உங்கடை கழகத்திட்டை ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு திங்கக்கிழமை வாரும். இன்ன ஆள் எங்கடை கழகத்துக் கோல் கீப்பர் எண்டு நாலு வரி இருந்தால் போதும்.”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “நான் எழுதுறன்” என்றேன். “தலைவர் ஒப்பம் வைச்சால் சரி.”

மறுநாள் இரண்டாம் திருவிழா முடிந்ததும் கோயில் மடத்தில் நிர்வாக சபை கூடியது. கூட்டம் முடிந்து அண்ணை வீட்டுக்கு வந்தார். முகம் செத்தவீட்டுக்குப் போய் வந்தது போல இல்லை, கோபமும் இல்லை. நிதானமாகச் சாய்மனைக் கதிரையில் இருந்தார்.

“ஒரு ஆட்சேபணை எழுத வேணும், பிள்ளை.”

“ஆருக்கு எதிரா? நாங்கள் வெண்டனாங்கள்.”

“ஓம். அதுக்குத்தான்.”

எனக்கு விளங்கவில்லை. அவர் சின்னப்பிள்ளைக்குச் சொல்லுமாப்போல் சொன்னார்.

“ஆறாம் திருவிழா என்னெண்டு கை மாறினது, உனக்குத் தெரியுந்தானே? ஒரு வருசம் செத்தவீட்டுத் துடக்கெண்டு மற்றவன்ரை கையிலை குடுத்தவை. ஒருமுறை செய்தவனுக்கு உரிமை வந்திடும். பிறகு வழக்காடி என்ன கண்டவை? நேற்று உவன் எங்கடை கோலுக்கை நிண்டிட்டான். அந்த ஆட்டம் செல்லாதெண்டு எழுத்திலை வர வேணும். இல்லாட்டி நாளைக்கு உவன்ரை பிள்ளை வந்து கேக்கும்.”

“இரண்டாம் பிரிவுக்குப் போயிடுவம், அண்ணை.”

“போவம். அடுத்த வருசம் வெண்டு திரும்பி வருவம். உரிமை போனால் வருமே?”

“அவனுக்கு வேலை வரப்போகுது. அந்தக் குடும்பம் எங்கடை வளவுக்கைதானே பட்டினி கிடக்குது?”

“அரிசி வேணுமெண்டால் குடு. நான் வேண்டாமெண்டு சொன்னனானே? வேலையை வேறை வழியிலை தேடட்டும். எங்கடை கோல் கம்பமே கிடைச்சது?”

நான் பேனையைச் சுவரில் எறிந்தேன். என் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். இருபது வருடம் கோலுக்குள் நின்று நீங்கள் பிடித்த பந்தை ஒரு கை விரல்களில் எண்ணலாம் என்று சொன்னேன். அண்ணை எழும்பிப் போய் என் கோப்பை, அந்தக் காபன் பிரதிகளை, கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனார். நான் தடுக்கவில்லை. நான் எழுதாவிட்டால் இவர்களால் ஒரு வரி எழுத முடியாது என்ற எண்ணம் எனக்கு. அந்தத் தலைக்கனத்தோடு குசினிக்குள் போய் அரிசி களைந்தேன்.

அவர்கள் எழுதினார்கள். என் பழைய கடிதங்களைப் பார்த்து வரிக்கு வரி எழுதினார்கள். மேற்படி ஆள் எமது கழகத்தின் உறுப்பினர் அல்லர், அவருடைய பெயர் சபையின் அனுமதியின்றிப் பட்டியலில் நுழைக்கப்பட்டது என்று நடுவில் சேர்த்தார்கள். அது உண்மைதானே, நுழைத்தவள் நான்தானே. நேரே கேட்கப் பயந்து நான் செய்த கெட்டித்தனத்தைப் பிடித்துத்தான் அவர்கள் அவனை வெளியே தள்ளினார்கள். ஒரு கழகம் தான் வென்ற ஆட்டத்தைத் தனக்கு எதிராகவே ஆட்சேபித்ததை லீக்கில் இருந்தவர்கள் அதற்கு முன் கண்டதில்லை. ஆனாலும் கழகமே எங்கள் ஆள் இல்லை என்று எழுத்தில் கொடுத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? வெற்றி எதிர்க் கழகத்துக்குப் போனது. எங்கள் கழகம் அனுப்பிய அத்தனை ஆட்சேபணைகளில் ஏற்றுக்கொள்ளப்பட்டது அது ஒன்றுதான்.

அவன் ஜேர்சியைத் தோய்த்து மடித்துக்கொண்டு வந்தான். நான் கிணற்றடியில் நின்றேன்.

“தொழிற்சாலைக்காரர் என்ன சொன்னவர்?” என்று கேட்டேன்.

“அவர் என்ன செய்யிறது, அக்கா? கள்ளமாப் பேர் பதிஞ்சு விளையாடின ஆளெண்டு கடதாசியிலை இருக்குது. எடுக்கேலாதெண்டிட்டார்.”

ஜேர்சியைத் தோய்க்கிற கல்லில் வைத்தான். போகாமல் நின்றான்.

“லீக்கிலை கடிதத்தை வாசிக்கேக்கை நானும் பின்னாலை நிண்டனான். வெற்றியிலும் நேர்மையே எமக்குப் பெரிது எண்டு முடிச்சிருந்தது. நீங்கள்தான் எழுதினதெண்டு நினைச்சன்.”

“ஐயோ, நான் எழுதேல்லை. பிள்ளையார் அறிய நான் எழுதேல்லை.”

“எழுத்து உங்கடை இல்லையெண்டு பிறகு கண்டனான்” என்றான். ஜேர்சியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டே, “வசனம் உங்கடைதானே, அக்கா” என்றான். அதில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் குடும்பம் படகேறி அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போனது. அவர்கள் போகும்போது அம்மா ஒரு கொத்து அரிசி கட்டிக் கொடுத்தா. போய்ச் சேர்ந்தார்களா என்று ஒரு தகவலும் வரவில்லை. கழகம் இரண்டாம் பிரிவில் விளையாடியது, அங்கேயும் தோற்றது. அண்ணை கோலுக்குள் நின்றார். அதற்குப் பிறகு நான் ஒரு ஆட்சேபணையும் எழுதவில்லை. ஆனால் ஆட்டத்துக்குப் போவதை விட முடியவில்லை. எத்தனையோ முறை இனிப் போகமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறேன். பின்னேரம் பந்துச் சத்தம் கேட்டால் கால் தானாக அந்தப் பக்கம் போய்விடும். அதற்கும் என் மேலேயே கோபம்தான்.

அதே அண்ணைதான் நல்லூரில் என் முன்னால் வெறுந்தாளை நீட்டிக்கொண்டு நின்றார். நான் தாளை வாங்கினேன். பேனையை எடுத்து, ஒன்று என்று இலக்கமிட்டு, அதற்கு நேரே பின்வளவில் இருந்தவனின் பெயரை என் வடிவான கையெழுத்தில் எழுதினேன். திருப்பி அண்ணையிடம் கொடுத்தேன்.

அவர் வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

“உவன் உயிரோடை இருக்கிறானோ எண்டே தெரியாது, பிள்ளை.”

“ஓம். ஆனால் ஒருமுறை நிண்டவனுக்கு உரிமை வந்திடும். நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

அண்ணை தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். எழுதிய பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு மற்றப் பாதியில் ரியூசன் மாஸ்டர் ஒருவரைக் கொண்டு பட்டியலை எழுதுவித்தார்கள் என்று பிறகு அறிந்தேன்.

முதல் ஆட்டம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. போகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். தலைவரின் மருமகன் வழுக்கை விழுந்த தலையை ஒதுக்கிக்கொண்டு நின்றான். அண்ணைக்குப் பழைய ஜேர்சி வயிற்றில் ஏறவில்லை, சேர்ட்டில் ஒன்று என்று மையால் எழுதியிருந்தார். எட்டு கோல் வாங்கினார். நான் கோலுக்குப் பின்னால் போய் நின்று, ஒவ்வொரு பந்து வரும்போதும் அங்கே இல்லாதவனின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். “பிடியடா, பிடியடா” என்று தொண்டை அடைக்கும்வரை கத்தினேன். அண்ணைக்குக் கேட்டது. ஒருமுறையும் அவர் என் பக்கம் திரும்பவில்லை.